எவரும் திருத்தலாகும் ஏடு

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் கை சோர்ந்தபோது ஓரெழுத்தை விட்டனர். கண் மயங்கியபோது ஒரு சொல்லை மாற்றினர். புள்ளியிடாத எழுத்தைத் தத்தமக்குத் தோன்றியவாறு படித்தனர். அப்பிழை அடுத்த சுவடியில் ஏறிற்று. அதனின்று பிறந்த சுவடியிலும் ஏறிற்று. பின்னாளிலே சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் போன்ற பெரியோர் ஊரூராகச் சுவடி தேடி, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கிய பின்னரே, பிழை எது பாடம் எது என்பது தெளியலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அச்சுவடிகளைக் கையிலேந்திப் படித்தோருட் சிலர் பிழையைக் கண்டுமிருப்பர். ஆயினும் ஏடு பிறருடையது. எழுத்தாணி தம் கையில் இல்லை. கண்டதைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சென்றனர்.

படிப்பவர் கையிலேயே எழுத்தாணியையும் கொடுத்துவைத்த ஏடு ஒன்று இன்று உண்டு. அதன் பெயர் விக்கிப்பீடியா. நம்மிற் பலர் அதனை நாள்தோறும் படிக்கின்றோம். பாடசாலைப் பிள்ளைகள் ஒப்படைக்காக அதனைப் புரட்டுகின்றனர். பத்திரிகையாளரும் ஆண்டு பார்க்க அதனை நாடுகின்றனர். ஆயின், அதனைத் திருத்தவும் தமக்கு உரிமையுண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அறிந்தும் அஞ்சாது கைவைத்தோர் அவரினும் சிலர்.

அடியேனும் நெடுங்காலம் அஞ்சியவனே. கண்டி வாவிக்கரையை நீங்கி, தலாத்துஓயாவை நோக்கி மேடேறிச் செல்லும் வீதியிலே, நகரிலிருந்து சில மைல் தொலைவில் இருப்பது அம்பிட்டிய என்னும் எம் ஊர். மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுதில், வெளியே செல்ல வழியின்றித் தேயிலையைப் பற்றிய பக்கமொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 'தேயிலை செடி' என்றிருந்தது. 'தேயிலைச் செடி' என்றன்றோ வரவேண்டும்! பல்லாண்டு பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளிலே சிவப்பு மையால் ஒற்றெழுத்து இட்டுப் பழகிய விரல் சும்மா இருக்கவில்லை. பக்கத்தின் மேலே 'தொகு' என்றொரு சொல் கண்ணிற் பட்டது. அதனைத் தொட்டேன். ஒரு 'ச்' இட்டேன். பதிப்பித்தேன். உலகெங்கணுமுள்ள தமிழர் படிக்கும் பக்கத்திலே, அந்தக் கணமே அவ்வொற்று ஏறி அமர்ந்தது. எவரும் என் பட்டத்தைக் கேட்கவில்லை, பதவியைக் கேட்கவில்லை.

புதியவர் ஒருவர் இவ்வேட்டிலே எங்ஙனம் கைவைக்கலாம், கைவைப்பவர் எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டுவதில்லை என்பவற்றை என் சிற்றனுபவத்தைக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஒருவர் சுமக்கவியலாத சுமை

அறிவனைத்தையும் ஓரிடத்தே தொகுத்துவைக்கும் முயற்சி தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டிலே 'அபிதானகோச'த்தை வெளியிட்டார். சென்னையிலே ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவந்தது. தனியொருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை விலையாகக் கொடுத்துச் செய்த செயல்கள் இவை. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, அறிஞர் பலரின் துணையோடு, 'கலைக்களஞ்சிய'த்தைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளியிட்டனர்.

இவை போற்றத்தக்க பணிகளே. எனினும் அச்சுநூல், அச்சேறிய அன்றே முதுமையடையத் தொடங்குகின்றது. இலங்கை 1972இல் குடியரசாயிற்று. அதற்கு முன் அச்சேறிய தொகுதி அதனை எங்ஙனம் அறியும்? அடுத்த பதிப்பு வரும்வரை பழஞ்செய்தியே நின்று பேசும். அடுத்த பதிப்பு வாராதொழியின், என்றுமே பேசும்.

பொதுமக்களின் கையைத் துணைக்கொள்ளும் எண்ணமும் பழையதே. ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மறே 1879ஆம் ஆண்டில், 'நூல்களைப் படித்துச் சொற்கள் வழங்கும் இடங்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்புக' என்று படிப்போருக்கு வேண்டுகோள் விடுத்தார். சீட்டுகள் மலைபோலக் குவிந்தன. 1884இல் முதற்பகுதி வந்தது. 1928இல் அகராதி நிறைவுற்றது. சீட்டனுப்பியோர் பலரும் புலவரல்லர். ஓய்வுநேரத்திற் படித்த பொதுமக்களே. ஆயினும் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் கோல் ஆசிரியரின் கையிலேயே இருந்தது.

அக்கோலையும் படிப்போர் கையிலே கொடுத்துப் பார்க்கலாமே என்னும் துணிவு பின்னரே பிறந்தது. வார்ட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர், எவரும் உடனே திருத்தத்தக்க இணையப் பக்கங்களை 1995இல் ஆக்கினார். ஹவாய்த் தீவு மொழியிலே 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்னும் சிறு பஸ்ஸின் பெயரையே அவர் தம் ஆக்கத்துக்கு இட்டார். அம்முறையைக் கொண்டு ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியாவைத் தொடங்கினர்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரும்பிற்று. அவ்வாண்டு நவம்பரிலே அதனுட் புகுந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்திற் பிறந்து, கட்டடக்கலை பயின்று, வளைகுடா நாட்டிற் பணிபுரிந்தவர். வெறுமையாய்க் கிடந்த அவ்வீட்டின் வாயிற் சொற்களைத் தமிழாக்கியும், கட்டுரைகளை ஒவ்வொன்றாய் எழுதியும் அதனைக் குடியிருக்கத்தக்கதாக்கினார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அவர் பின்னே ஈழத்தினின்றும் தமிழகத்தினின்றும் புலம்பெயர் நாடுகளினின்றும் பலர் வந்து கைகோத்தனர். 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே தமிழ்க் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைத் தொட்டது. ஊதியம் பெறாத கைகளே இதனைச் செய்தன.

இவ்வேடு எவருக்கும் தனியுரிமையானதன்று. எழுதியவரின் பெயரையும் மூலத்தையும் சுட்டி, அதே உரிமத்தோடு எவரும் எடுத்தாளலாம். இதனைத் தாங்கிநிற்கும் மென்பொருளும் அத்தகையதே. அதன் உள்ளமைப்பை வல்லார் எவரும் பார்க்கலாம், படி எடுக்கலாம், திருத்தலாம். ஊர்ப் பொதுக்கிணறு போன்றதென்க. நீர் மொள்ளும் உரிமையும் தூர்வாரும் கடமையும் எல்லார்க்கும் உண்டு.

முதற்படி

புதியவர் பெரியதொரு கட்டுரையை எழுதிக்கொண்டு வாயிலில் நிற்கவேண்டுவதில்லை. ஒற்றெழுத்தே போதும். தாம் படிக்கும் பக்கத்திலே எழுத்துப்பிழை, விட்டுப்போன சொல், முறிந்த வாக்கியம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால், 'தொகு' என்பதைத் தொட்டு அதனைச் சரிசெய்க. பதிப்பிக்குமுன் 'முன்தோற்றம்' பார்க்கும் வசதி உண்டு. கடிதத்தை உறையிலிடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பதுபோல அதனைப் பார்த்துக்கொள்க.

'தொகுப்புச் சுருக்கம்' என்றொரு சிறு கட்டமும் இருக்கும். என்ன செய்தோம் என்பதை அங்கே நாலைந்து சொல்லில் எழுதவேண்டும். 'எழுத்துப்பிழை திருத்தம்', 'ஆண்டு திருத்தப்பட்டது. சான்று இணைப்பு' என்றாற்போல. பலர் இதனை வெறுமையாய் விடுகின்றனர். அது கதவைத் தட்டாமல் உட்புகுவது போன்றது. புகுந்தவர் கள்வரல்லர் எனினும் வீட்டார் திடுக்குறுவர்.

பெயர் பதியாதவரும் திருத்தலாம். ஆயினும் பயனர் கணக்கொன்றைத் தொடங்கிக்கொள்ளுதல் நன்று. உண்மைப் பெயர் வேண்டுமென்பதில்லை. நம் எழுத்தாளர் வழிவழியாய்க் கைக்கொண்ட புனைபெயர் மரபு இங்கும் செல்லும். கணக்கிருந்தால் நாம் தொட்ட பக்கங்களைக் 'கவனிப்புப் பட்டியலில்' இட்டுவைத்து, பிறர் அவற்றை மாற்றும்போது அறிந்துகொள்ளலாம். எழுதிப் பழகுவதற்கு 'மணல்தொட்டி' என்றோர் இடமும் உண்டு. திண்ணைப் பள்ளியில் மணலிலே விரலால் எழுதிப் பழகிய பரம்பரைக்கு இப்பெயரின் பொருத்தத்தை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? ஐயம் எழுந்தால் 'ஒத்தாசைப் பக்க'த்திற் கேட்கலாம். பொதுவான கருத்துகளை ஆராயும் மன்றுக்கு 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டிருக்கின்றனர். கணினிக்குள்ளே ஒரு தமிழூரைக் கட்டியவர்கள் மரத்தடியை மறந்தாரில்லை.

அச்சம் ஒன்றைக் களையவேண்டும். 'நான் தொட்டு ஏதேனும் கெட்டுவிட்டால்?' என்று பலர் வினவுகின்றனர். கெடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு' உண்டு. எவர், எந்நாளில், எதனை மாற்றினார் என்பது வரிவரியாய் அங்கே நிற்கும். பழைய வடிவம் எதனையும் ஒரு நொடியில் மீட்கலாம். ஓலையைச் சுரண்டி எழுதியவனுக்குக் கிட்டாத பாதுகாப்பு இது.

சான்று என்னும் அச்சாணி

ஒற்றெழுத்தைத் திருத்த இலக்கண அறிவு போதும். செய்தியைத் திருத்தச் சான்று வேண்டும். இவ்விடத்திலேதான் புதியவர் பெரும்பாலும் இடறுகின்றனர். அடியேனும் இடறினேன். முதல் வெற்றியின் களிப்பிலே, மலைநாட்டைப் பற்றி என் நினைவிலிருந்த செய்திகளையெல்லாம் ஒரு பத்தியாக எழுதி ஒரு பக்கத்திற் சேர்த்தேன். மறுநாள் அது அங்கில்லை. 'சான்று இல்லை' என்னும் ஒருவரிக் குறிப்பு மாத்திரம் வரலாற்றில் இருந்தது. சினந்தேன். பின் ஆறியிருந்து நினைத்தேன். என் மாணாக்கன் ஒருவன் 'எனக்குத் தெரியும் ஐயா' என்று எழுதித் தந்திருப்பின் யான் புள்ளி இட்டிருப்பேனா?

எம் அயலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 'இலங்கையில் முதன்முதலாகத் தேயிலை பயிரிடப்பட்டது 1867இல்' என்று எழுதுவோர் பலர். கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஆண்டு அது என்பது உண்மையே. ஆயினும் 1839இலேயே அசாமிலிருந்து தேயிலை விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டன. ஆகவே, 'வர்த்தக முறையிலே' என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்தால் அன்றி அவ்வாக்கியம் மெய்யாகாது. புதியவர் செய்யத்தக்க அருமையான திருத்தம் இது. சேர்ப்பது இரண்டே சொல். ஆனால் அவ்விரு சொல்லுக்கும் அடியிலே, இன்ன நூல், இன்ன பக்கம் என்னும் அடிக்குறிப்பு இருத்தல் வேண்டும். கண்டி டி. எஸ். சேனநாயக்க நினைவு நூலகத்திலோ, தம் பாடசாலை நூலகத்திலோ ஒரு மணிநேரம் செலவிட்டால் அதற்கான நூல் அகப்படும்.

இன்னோர் எடுத்துக்காட்டு எம் ஊரே. அம்பிட்டிய என்றதும் கத்தோலிக்கருக்கு நினைவில் எழுவது குருமடம். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் நிறுவிய பாப்பரசர் குருமடம் இங்கே இயேசு சபையாரால் நடத்தப்பெற்றது. இந்தியாவினின்றும் இலங்கையினின்றும் மாணவர் வந்து பயின்றனர். 1955இல் அது இந்தியாவிலுள்ள புனே நகருக்கு மாற்றப்பட்டது. இப்பொழுது அம்பிட்டியவில் இருப்பது இலங்கை அன்னை தேசியக் குருமடம். ஊர் ஒன்று, குருமடம் இரண்டு. '1893இல் தொடங்கிய குருமடம் இன்றும் அம்பிட்டியவில் இயங்குகின்றது' என்று எவரேனும் எழுதினால், அயலூரார்க்கு அதிற் பிழை தோன்றாது. இவ்வூரில் வளர்ந்தவன் கண்ணுக்கே அது உறுத்தும். உறுத்திய கண்ணே திருத்தும் கையைத் தூண்டவேண்டும்.

சான்றோடு சேர்த்து இரண்டு விதிகளையும் மனங்கொள்க. ஒன்று நடுநிலைமை. 'எழில் கொஞ்சும் எம் ஊர்', 'ஈடிணையற்ற பெருமகன்' என்பன மேடைக்குப் பொருந்தும், கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தா. இரண்டாவது, பிறர் எழுத்தைக் களவாடாமை. நூலிலோ பத்திரிகையிலோ உள்ள பத்தியை அப்படியே பெயர்த்து ஒட்டுதல் கூடாது. செய்தியைப் படித்து உள்வாங்கித் தம் சொல்லால் எழுதவேண்டும். தம்மைப் பற்றியும் தம் குடும்பத்தாரைப் பற்றியும் தாமே எழுதிக்கொள்ளாமை, விதி என்பதினும் நாகரிகம் எனலே தகும்.

எந்தச் சொல், எந்த வழக்கு?

தமிழ் விக்கிப்பீடியாவிலே இரு கரைத் தமிழும் சந்திக்கின்றன. நாம் 'பாடசாலை' என்பதைத் தமிழகத்தார் 'பள்ளி' என்பர். நாம் 'அவுஸ்திரேலியா' என எழுதுவோம். அவர் 'ஆஸ்திரேலியா' என எழுதுவர். நம் 'ரொறன்ரோ' அவருக்கு 'டொராண்டோ'. எம் ஊரின் பெயரையே 'அம்பிட்டிய' எனவும் 'அம்பிட்டியா' எனவும் இருவிதமாக எழுதுகின்றனர்.

புதியவர் இங்கே வாளை உருவலாகாது. பிறர் வழக்கைப் பிழையெனக் கருதி மாற்றுதல் திருத்தமன்று. ஒரு வழக்கிலே தலைப்பிருந்தால், மற்ற வழக்கிற் தேடுவோரும் அங்கே வந்துசேர 'வழிமாற்று' அமைக்கலாம். கருத்து வேறுபாடு எழுந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புறத்தே 'உரையாடல்' பக்கம் உண்டு. அங்கே காரணம் காட்டிப் பேசலாம்.

கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட நாவலை எடுத்துக்கொள்வோம். அதன் பெயரைச் சிலர் 'அசன்பேயுடைய கதை' என்கின்றனர். சிலர் 'அசன்பே சரித்திரம்' என்கின்றனர். எவரேனும் ஒருவர் ஒரு பெயரை அழித்து மற்றதை எழுத, இன்னொருவர் அதனை அழித்து முன்னதை எழுத, இவ்வாறே நாள் கழிந்தால் பயன் யாது? முதற்பதிப்பின் முகப்பை எவரேனும் பார்த்து உரையாடலிற் சொன்னால் வழக்கு முடிந்தது. அது கிட்டும்வரை இரு பெயரையும் சுட்டிச் செல்லுதலே நேர்மை.

நம் திருத்தத்தைப் பிறர் நீக்கினாலும் இதே நெறிதான். அதனை இகழ்ச்சியாகக் கொள்ளற்க. மூன்று முறை மாற்றி மாற்றிப் போராடுவதினும், உரையாடலில் ஒருமுறை 'இதனை நீக்கிய காரணம் யாதோ?' என வினவுதல் மேலானது. நீக்கியவர் பெரும்பாலும் நம்மைப்போல் ஓய்வுநேரத்திலே உழைக்கும் ஒரு தன்னார்வலரே.

இன்று இன்னோர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கின்றது. ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்திலே இட்டு, வெளிவந்த தமிழை அப்படியே ஏற்றுவோர் பெருகியுள்ளனர். இது புதிய நோயன்று. 2010ஆம் ஆண்டையொட்டி, கூகிள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்க்கும் முயற்சியொன்றை நடத்தியபோது, அவற்றின் நடை தமிழாயில்லை என்று தமிழ் விக்கிப்பீடியர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தனர். எண்ணிக்கை உயர்ந்தது, படிப்பவர் உள்ளம் நிறையவில்லை. இயந்திரம் வேலையாளாக இருக்கலாம். பொறுப்பாளியாக இருக்க இயலாது. தம் பெயரால் ஏறும் ஒவ்வொரு வரியையும் தாமே படித்து, தாமே சான்று பார்த்து ஏற்றுவதே முறை.

ஏடு பார்க்கும் தொழில்

கட்டுரை எழுதத் துணிவில்லாதார்க்கும், நூல்நிலையம் செல்ல இயலாதார்க்கும் உகந்த தொண்டு ஒன்றுண்டு. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புகளுள் ஒன்று விக்கிமூலம். காப்புரிமை நீங்கிய பழைய நூல்களையும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவற்றையும் அங்கே பக்கம் பக்கமாக ஏற்றியிருக்கின்றனர். ஒரு புறம் அச்சுப் பக்கத்தின் படம். மறுபுறம் அப்படத்தை இயந்திரம் படித்தெழுதிய எழுத்து. இயந்திரம் 'ர'வைக் காலென மயங்கும். மங்கிய புள்ளியைக் காணாது. அடிவரியை அடுத்த பத்தியோடு ஒட்டிவிடும். இரண்டையும் ஒப்புநோக்கிச் சரிசெய்வதே அங்குள்ள வேலை.

ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் அதனை மறுபடியும் பார்த்துச் சரியென்றால் பச்சை நிறம் பெறும். ஒருவர் கண் போதாது, இருவர் கண் வேண்டும் என்பது அங்கே விதி. ஏட்டைக் கெடுத்தவனைப் பற்றிய பழமொழிக்கு இதனினும் நல்ல விடை எது? நாளொன்றுக்கு ஒரு பக்கம் பார்த்தால் ஆண்டுக்கு 365 பக்கம். ஒரு நல்ல நூல். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் இதனைத் தம் தொழிலாகக் கொள்ளலாம்.

அச்சேறாத அறிவு

இத்துணையும் கூறியபின் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. சான்று வேண்டும் என்னும் விதி நல்லது. ஆயினும் எவருடைய வாழ்வு நூலிலே ஏறியிருக்கின்றதோ அவர்க்கே அது எளிதாய் உதவுகின்றது. ஜேம்ஸ் டெயிலரின் பெயர் நூல்களில் உண்டு. அவருடைய 19 ஏக்கரிலே மண்வெட்டி பிடித்தவரின் பெயரை எந்த நூலிற் காட்டுவது? மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றுக்குக் கணக்கேட்டிலே ஆங்கிலப் பெயர் ஒன்று. அங்கே பிறந்து வாழ்ந்து மடிந்த தமிழ் மக்களின் நாவிலே வேறொரு பெயர். அப்பெயர் ஏன் வந்தது, எந்தக் கங்காணியின் காலத்தில் வந்தது, எந்தக் கோயிலை ஒட்டி வந்தது என்பதைத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் சொல்லக்கூடும். 'பாட்டி சொன்னார்' என்பதை அடிக்குறிப்பாக விக்கிப்பீடியா ஏற்பதில்லை. விதியின்படி அது சரியே. ஆனால் அந்த மூதாட்டியோடு அப்பெயரும் மறையுமாயின், இழப்பு விதிக்கன்று, நமக்கு.

இக்குறைக்கு முழுமருந்து என்னிடம் இல்லை. ஆயினும் ஒரு வழி உண்டு. வாய்மொழியாய் உள்ளதை முதலில் அச்சிலோ ஆவணத்திலோ ஏற்றுதல் வேண்டும். பாடசாலை ஆண்டுமலர், கோயிற் கும்பாபிஷேக மலர், பத்திரிகைக் கட்டுரை ஆகியவற்றை நாம் வெறும் சம்பிரதாயமாகவே கருதுகின்றோம். சொன்னவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு முறையாக எழுதினால் அவையே நாளைய சான்றுகள். அங்ஙனம் அச்சேறியவற்றைப் பேணுதற்கும் இடமுண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் படியெடுத்து எவரும் படிக்க வைத்துள்ளது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட மக்களுக்கு, படி எடுத்துவைத்தலின் அருமையை வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை.

நூல் எழுத இயலாதவர் படம் எடுக்கலாம். ஊர்க் கோயில், பழைய பாலம், தோட்டத்து லயன், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஆகியவற்றைத் தாமே படம்பிடித்து, விக்கிப்பீடியாவின் படக்களஞ்சியமாகிய 'பொதுவக'த்திற் சேர்க்கலாம். தோட்டத்துப் பேச்சிலே மட்டும் வாழும் சொல்லொன்று நூலில் ஆளப்பட்டிருப்பதைக் கண்டால், விக்சனரியிலே அதனை இடத்தோடு குறிக்கலாம். இவை சிறு செயல்கள். ஆயினும் அம்பிட்டியவின் வீதியை அறிந்தவரே அம்பிட்டியவைப் பற்றிய பிழையைக் காண்பர். சென்னையில் உள்ளவரோ ரொறன்ரோவில் உள்ளவரோ நமக்காக வந்து காணமாட்டார். நாம் எழுதாத பக்கம் வெறுமையாய்க் கிடக்கும். அன்றேல், நம்மை அறியாதவர் எழுதியவாறே நிற்கும்.

என் பத்தி நீக்கப்பட்டதாகச் சொன்னேன் அல்லவா? அதனை யான் கைவிடவில்லை. அதிலிருந்த செய்திகளை ஒவ்வொன்றாய் எடுத்து, நூலகத்துக்குச் சென்று, எதற்குச் சான்றுண்டு, எதற்கில்லை என்று பிரித்து வருகின்றேன். சான்று கிடைத்தவை ஒவ்வொரு வாக்கியமாகப் பக்கத்தில் ஏறியுள்ளன. அவை நிலைத்தும் உள்ளன. கிடைக்காதவற்றை ஒரு கொப்பியிலே, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதிவைக்கின்றேன். சிலவற்றில் என் நினைவே பிழையென்பதும் தெரியவந்தது. அறுபது ஆண்டு மெய்யென்று நம்பியதை அழிக்க நேர்ந்தபோது சிறிது நாணமாகவே இருந்தது. ஆயினும் பிழையைப் பிறருக்குக் கொடுத்துச் செல்லாமை நன்று.

அன்பர்களே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். உங்கள் ஊரின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவிலே தேடிப் பாருங்கள். பக்கம் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். ஓர் ஒற்று விடுபட்டிருக்கலாம். ஓர் ஆண்டு மாறியிருக்கலாம். ஆற்றின் பெயர் தவறியிருக்கலாம். 'தொகு' என்னும் சொல் மேலே இருக்கின்றது.